முழந்தாள் மாற்றுச் சிகிச்சையும் சைவ நன்மக்கள் கடப்பாடும்

மக்கள் யாக்கை பெறுதற்கு அரியது என்பதும், பெற்ற அவ்யாக்கை நிலையாது என்பதும் நம் சமய நூல்கள் ஒருங்கே உணர்த்தும் இரண்டு உண்மைகளாம். முன்னதனை மட்டும் கைக்கொள்வோர் உடலோம்பலே தொழிலாக வாழ்நாளைக் கழிப்பர். பின்னதனை மட்டும் கைக்கொள்வோர் உடம்பை வாளா கெட விடுவர். இவ்விரண்டற்கும் நடுவணதாகிய நெறியே சித்தாந்த நெறி என்பது ஏட்டளவில் எளிதிற் புலப்படும். ஆயினும், ஒருவர்க்குத் தம் உடம்பின்கண் ஓர் உறுப்புப் பழுதுற்று, 'இதன் தேய்ந்த பகுதியை அறுத்து நீக்கி வேறொன்று பொருத்திக்கொள்க' என்று மருத்துவர் கூறியவழி, அந்நடுவு நிலை எங்குள்ளது என்று காண்டல் அரிதாகின்றது. இக்காலத்து முதியோர் பலர்க்கு இவ்வினா முழந்தாளின் வாயிலாக எழுகின்றது.

திருமயிலையின் மாடவீதிகளில் மாலைப்பொழுதிற் செல்வார் இதனை நேரிற் காணலாம். கபாலீச்சரத்தின் திருச்சுற்றை நாடோறும் வலம்வந்த அன்பர் பலர் இன்று கொடிமரத்தருகே நின்று கைகுவித்து அவ்வளவில் மீள்கின்றனர். தியாகராய நகரிலும் அடையாற்றிலும் மாடி வீடுகளில் வாழும் முதியோர் சிலர் படியிறங்க அஞ்சி மாதக்கணக்கில் தெருவைக் காணாதிருக்கின்றனர். இவர்கட்கு மக்கள் கூறுவது ஒன்று. ஒத்த வயதினர் கூறுவது மற்றொன்று. 'பொருள் எவ்வளவாயினும் ஆகுக, உடனே மாற்றிக்கொள்க' என்பர் மக்கள். 'இம்முதுமையில் இது வேண்டுமோ? வினைப்பயனை நுகர்ந்து கழிப்பதே சைவர்க்கு முறை' என்பர் நண்பர். இவ்விரண்டனுள் யாது தக்கது என்று நூல் பயின்ற அன்பர் சிலர் என்னை வினவினர். எனக்கும் அகவை அறுபத்தேழு நிரம்பிற்று, வலத்தாள் தேய்ந்துளது, மருத்துவர் அறுவைக்கு நாள் குறிக்கச் சொல்லியுள்ளார். ஆதலின் இவ்வினாவைப் பிறர்க்குரியதாக நிறுத்தி ஆராய்தல் எனக்கு இயலாதாயிற்று.

பொருளின் இயல்பறியாது அதன் தகுதியை ஆராய்தல் பயனின்று. ஆகலின், முதற்கண் இச்சிகிச்சை இன்னதென்பதைக் கூறுவாம். தொடையெலும்பின் கீழ்நுனியையும் கணைக்காலெலும்பின் மேல்நுனியையும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்துள்ளது. அதனுள் குருதிக் குழாய்கள் இல்லை. அதனால் அது தேய்ந்தவழி மீள வளர்தல் அரிது. அது முற்றும் தேய்ந்தபின் எலும்போடு எலும்பு உராய்ந்து வீக்கமும் நோவும் விளைகின்றன. மருத்துவர் அவ்விரு நுனிகளையும் ஒரு சென்டிமீட்டர் அளவினதாகச் சீவி நீக்கி, மேலெலும்புக்குக் கோபால்ட்டு குரோமியக் கலப்புலோகத்தால் ஆகிய கவசமும், கீழெலும்புக்கு உலோகத் தட்டும், இடையே பாலி எதிலீன் என்னும் வன்மையான பொருளாலாகிய தகடும் அமைத்துப் பொருத்துகின்றனர். முழந்தாள் முழுவதையும் வெட்டியெறிவர் எனப் பலர் அஞ்சுவது உண்மையன்று. தேய்ந்த முகங்கட்குப் புதுமுகம் அணிவித்தலே நிகழ்வது. தசையும் நரம்பும் தோலும் பழையனவே. அறுவை முடிந்த மறுநாளே நோயாளரை எழுப்பி நடப்பிப்பர். ஆயினும் நடை செவ்வையுறுதற்குப் பல வாரங்கள் நோவைப் பொறுத்துப் பயிற்சி செய்தல் வேண்டும்.

இம்முயற்சி நெடுநாளையது. 1890இல் பெர்லின் நகரத்தில் குளுக் என்னும் மருத்துவர் யானைத்தந்தத்தாற் கீல் செய்து முழந்தாளிற் பொருத்தினார். சீழ் பிடித்தமையால் அது நிலைபெறவில்லை. இன்று வழங்கும் அமைப்புக்கு மூலமாயது 1974இல் நியூயார்க்கு நகரத்து மருத்துவமனை ஒன்றில் இன்சால், இரணாவத் முதலிய மருத்துவர் உருவாக்கியதாகும். இரணாவத் இந்தியாவிற் பிறந்தவர். நம் நாட்டின் தலைமையமைச்சராயிருந்த வாச்பாயி அவர்கட்கு 2000 அக்டோபரில் இடத்தாளிலும், 2001 சூனில் வலத்தாளிலும் மும்பை பிரீச்சு கேண்டி மருத்துவமனையில் இச்சிகிச்சை செய்தவரும் அவரே. எழுபத்தைந்தாம் அகவையில் அரசியற் பெரும்பொறை சுமந்த ஒருவர் அதனை மேற்கொண்டு மீண்டும் தம் கடமையில் நின்றமை கண்டபின் நம்மவரிடையே இதுபற்றிய அச்சம் பெரிதும் குறைந்தது.

பயன் எத்துணையது எனின், அதனையும் அளந்தே கூறல் வேண்டும். 2019இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சித் தொகுப்பின்படி, முழுமையாகப் பொருத்திய செயற்கை முழந்தாள்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 82 இருபத்தைந்து ஆண்டுகள் நிலைக்கின்றன. எழுபது அகவை கடந்து செய்துகொள்வார்க்கு வாழ்நாளில் மறு அறுவை வேண்டப்படுதல் நூற்றுக்கு ஏறத்தாழ 5. ஐம்பதின் தொடக்கத்திலேயே செய்துகொள்ளும் ஆடவர்க்கோ அது 35 வரை உயரும் என 2017இல் வெளிவந்த பிறிதோர் ஆராய்ச்சி காட்டிற்று. 2015இல் தென்மார்க்கு நாட்டார் நூறு நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்கு அறுவையும் பயிற்சியும், மற்றைக் கூற்றார்க்கு அறுவையின்றிப் பயிற்சி, உணவொழுங்கு, மருந்து முதலியனவும் அளித்து ஓராண்டு கண்டனர். முன்னவருள் நூற்றுக்கு 85 விழுக்காட்டினரும், பின்னவருள் ஏறத்தாழ 68 விழுக்காட்டினரும் நற்பயன் எய்தினர். கடுமையான இடையூறுகள் முன்னவரிடை 24, பின்னவரிடை 6. அறுவையின்றி நின்ற ஐம்பதின்மருள் பதின்மூவர் மட்டுமே அவ்வாண்டினுள் அறுவையை நாடினர். இதனால் அறிவன இரண்டு: அறுவையின் பயன் பெரிது, அஃதின்றியும் தேறுவோர் பலர். அறுவை செய்துகொண்டாருள் ஏறத்தாழ ஐவருள் ஒருவர் தாம் கருதியாங்கு மனநிறைவு எய்தவில்லை என்பதும் பல ஆராய்ச்சிகளிற் கண்டதே.

இனி, இழப்பதொன்று உண்டு. மருத்துவ நூலார் அதனைச் சிறிதாகக் கருதுவர். சைவர்க்கு அது சிறிதன்று. செயற்கை முழந்தாள் நடைக்கும் படியேற்றத்திற்கும் நன்கு உதவும். ஆனால் மண்டியிடுதல் பலர்க்குக் கூசும். நிலத்திற் சப்பணமிட்டு அமர்தல் பலர்க்கு அரிதாம். அதனைத் தவிர்க்க என்றே மருத்துவர் பலர் அறிவுறுத்துகின்றனர். நம் வழிபாட்டிலோ, தலையும் கையிரண்டும் முழந்தாளிரண்டும் நிலந்தோயப் பணிதலே பஞ்சாங்க வணக்கம். முழந்தாள் அவ்வைந்து உறுப்புக்களுள் இரண்டு. ஆன்மார்த்த பூசை புரிவார் அமர்வதும் நிலத்திட்ட ஆசனத்தின்மேல். ஆகவே நம் வினா 'நோவு தீர வேண்டுமோ வேண்டாவோ' என்னும் அளவில் நில்லாது. திருக்கோயிலை வலம்வரும் தாளைப் பெறுதற்பொருட்டு, திருமுன் மண்டியிடும் தாளை இழக்கலாமோ என்பதே அதன் உள்ளீடு. இதனை ஆராய்தற்கு முன், சிகிச்சையே கூடாதென்பார் கூற்றுக்களை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

'பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு என்னும் ஆறும் கருவிலேயே அமைந்தன எனச் சிவஞான சித்தியார் கூறுதலின், முழந்தாள் நோயும் பிராரத்தமே; அதனை நுகர்ந்தே தீர்த்தல் வேண்டும்; மருத்துவத்தால் விலக்க முயல்வது இறைவன் ஆணைக்கு மாறாம்' என்பது முதற் கூற்று. இது பொருந்தாது. என்னை? அவ்வாறனுள் பிணி ஒன்றாயின், பேறும் ஒன்று. நோய் கருவில் அமைந்ததாயின், அந்நோய் தீரும் பேறும் அமைந்திருத்தல் கூடும். இவற்றுள் யாது தமக்கு அமைந்தது என்பதை ஒருவர் முன்னரே அறியும் வாயில் யாது? ஒன்றும் இல்லை. அறியப்படாத ஒன்றனைக் காட்டி ஒருவினையை விலக்குதல் தருக்கமாகாது. அதே ஊழைக் காட்டி அவ்வினையைச் செய்க எனவும் கூறலாகுமன்றோ? ஊழ் என்பது நிகழ்ந்தபின் பொறுத்தற்குத் துணையாவதன்றி, நிகழுமுன் துணிதற்குக் கருவியாவதன்று. துணிதற்குக் கருவி அறநூலும் அறிவுமேயாம். அறுவையின் நோவும், பயிற்சியின் வருத்தமும், பொருட்செலவும் தாமும் நுகர்ச்சியே ஆதலின், சிகிச்சை செய்துகொண்டார் வினைப்பயனை நுகராது தப்பினார் என்றலும் பொருந்தாது.

வினைப்பயன் இன்னதென ஐயமற விளங்கிய இடத்தும் நம் முதல்வர் வாளா இருந்திலர். நம்பியாரூரர் கண்ணிழந்தது சங்கிலியார்க்கு அளித்த சூளுறவு பிழைத்ததன் பயன் என்பது அவர் தாமே அறிந்தது. அறிந்தும் அவர், 'இது என் வினை. இருள்தானே எனக்குரியது' என்று அமைந்தாரல்லர். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றார். கச்சியில் இடக்கண் பெற்றார். ஆரூரில் வலக்கண் பெற்றார். கோல் கிடைத்தவழிக் கோலை ஏற்றும், கண் கிடைக்குமளவும் இறைஞ்சியும், நடையை நிறுத்தாது சென்றார். தாள் தேய்ந்தார் கைக்கொள்ளத்தக்க முறை இதனினும் சிறந்தது பிறிதில்லை. கோலால் நடத்தல் இழிவன்று. கோலினும் மேலானதொன்றை நாடுதல் பேராசையுமன்று.

'நோயைப் பொறுத்தலே தவம். நோவு நீங்க அறுத்துக்கொள்வார் தவத்தை இழந்தாராவர்' என்பது இரண்டாங் கூற்று. திருவள்ளுவர் தவத்துக்கு உரு வகுத்தவிடத்து இரண்டு கூறுகளை ஒருங்கு வைத்தார்; தமக்கு உற்ற துன்பத்தைப் பொறுத்தல் ஒன்று, பிறவுயிர்க்குத் துன்பம் இழையாமை மற்றொன்று. முன்னதனைக் காட்டுவோர் பின்னதனையும் காட்டல் வேண்டும். ஒருவர் தம் நோவைப் பொறுத்துக் கட்டிலிற் கிடக்கின்றார்; அறுபதாண்டு கடந்த அவர்தம் மனையாள் அவரை நாளொன்றுக்குப் பன்முறை கைகொடுத்துத் தூக்குகின்றாள்; இரவில் இருமுறை எழுந்து கழிப்பறைக்கு நடத்துகின்றாள்; அவள் முதுகு வளைகின்றது. இங்குப் பொறுப்பவர் யாவர்? தவம் செய்பவர் யாவர்? நோயாளியின் பொறுமை என வழங்குவதன் பெரும்பகுதி உழையிருப்பாரது உழைப்பாகவே முடிதலை நம் இல்லங்களிற் காண்கின்றோம். மருந்துக்கு உறுப்புக்களாக நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உழையிருந்து உதவுவான் என நான்கினை வள்ளுவர் வகுத்தது, நோய் ஒருவன் உடம்பின் எல்லையுள் அடங்குவதன்று என்பதை உணர்ந்தே என்க. ஆகலின், தம் தாளைப்பற்றித் துணிவார் தம் நோவை மட்டும் எண்ணாது, அந்நோவு எவர் தோளின்மேல் ஏறியுள்ளது என்பதையும் எண்ணுதல் கடன்.

'உடம்பினுள் உலோகம் புகுத்தல் அதன் தூய்மையைக் கெடுக்கும். உறுப்பை அறுத்துக்கொண்டார் அங்கக்குறையுடையராய்ப் பூசைக்குத் தகுதி இழப்பர்' என்பது மூன்றாங் கூற்று. இதனுள் இரண்டு ஐயங்கள் உள. உலோகம் பற்றிய ஐயத்துக்கு விடை நம் தத்துவ நூலிலேயே உளது. எலும்பும் மாயாகாரியம், உலோகமும் மாயாகாரியம். இரண்டும் பிருதிவியின் கூறு, இரண்டும் சடம். எலும்பு உயிர்க்கு உறவும் உலோகம் அயலும் ஆமெனக் கருதுவார், எலும்பையே உயிராக மயங்கினாராவர். உயிர்க்கு இரண்டும் ஒருபடித்தாக அயலே. இறைவன் இரவற்பொருளாகத் தந்த விளக்கின் உறுப்புக்களே. விளக்கின் தண்டு முறிந்தவழி வேறு தண்டு பூட்டினால் ஒளிக்கு யாது இழுக்கு?

அங்கக்குறை பற்றிய ஐயத்துக்கு வழக்கே விடை கூறுகின்றது. 1949இல் இலண்டனில் இரிட்லி என்னும் மருத்துவர் கண்புரை நீக்கிய கண்ணினுள் செயற்கை வில்லை பொருத்தினார். அம்முறை பரவிய இந்நாளில் திருமுறை ஓதும் முதியோருள் எத்துணையோர் அத்தகைய வில்லையின் வழியே ஏட்டைக் காண்கின்றனர்! அவர் ஓதும் பாட்டில் யாரும் குறை கண்டிலர். கண்ணினுள் வில்லை அமையலாமெனின் தாளினுட் கவசம் அமைதல் எங்ஙனம் இழுக்காகும்? மடங்காதும் நிமிராதும் கோணிய தாளே குறை; அதனைச் செவ்விதாக்குதல் குறை நீக்கமாவதன்றிக் குறை ஆக்கமாகாது. அறுவை நம் முன்னோர் அறியாததும் அன்று. போர்ப்புண்ணை ஊசியால் தைத்த செய்தி பதிற்றுப்பத்தினுள்ளே காணப்படுகின்றது. ஒரு கண்ணுக்கு மறுகண் இடந்து அப்பிய கண்ணப்பர் நம் அறுபத்துமூவருள் ஒருவர். அவர் செயல் அன்பின் எல்லையாதலின் மருத்துவத்துக்கு அதனை மேற்கோளாக்குதல் தகாது. உறுப்புக்கு உறுப்பு ஈடாதல் என்னும் எண்ணம் நம்மவர்க்குப் புதியதன்று என்னும் அளவே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

'ஞானநெறி நின்றார்க்கு உடம்பின் நலந்தீங்குகள் ஒருபொருளாகா. வாயிலார் நாயனார் அகத்தே கோயில் எடுத்து வழிபட்டிலரோ? கால் இயங்காவிடின் மனம் இயங்காதோ?' என்பது நான்காங் கூற்று. ஏனையவற்றினும் இதுவே ஆழமுடையது; மயிலையில் வாழ்வார்க்கு மிக நெருங்கியதும் ஆம், வாயிலார் இத்தலத்தே தோன்றியவர் ஆகலின். ஆயினும் இரண்டு கருத்துக்களை நினைதல் வேண்டும். ஒன்று: வாயிலார் அகவழிபாடு நிறைவிற் பிறந்தது, இயலாமையிற் பிறந்ததன்று. இயலாமையை நிறைவென்று பெயரிட்டு அழைத்தல் தம்மைத் தாமே ஏமாற்றுதலாம். மற்றொன்று: மெய்கண்ட தேவர் சிவஞான போதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில், மலம் நீங்கிய மேலோர்க்கே அடியார் இணக்கத்தையும் ஆலய வழிபாட்டையும் கடமையாக விதித்தார். சீவன்முத்தர்க்கே விலக்கப்படாத கோயில், தாள் நோவினால் நமக்கு விலக்கப்பட்டதாமோ? நடந்து சென்று தொழுதற்குரிய ஆற்றலை மீளப் பெறக்கூடுமாயின், அதனைப் பெறாது ஞானத்தைப் போர்வையாகக் கொள்ளுதல் சித்தாந்தமாகாது.

திருநாவுக்கரசர் வரலாறு ஈண்டு நன்கு விளக்கந் தரும். கயிலை நோக்கிச் சென்ற அவர்க்குத் தாள் தேய்ந்தது, கையால் ஊர்ந்தார், கை தேய்ந்தது, மார்பால் உந்தினார், பின்னர்ப் புரண்டார். உடம்பின்மேற் பற்றின்மைக்கு இதனின் மிக்க சான்று யாண்டும் இல்லை. அந்நிலையில் இறைவன் செய்தது யாது? அவ்வுடம்பை அவ்வாறே வீழவிட்டு வீடு நல்கினானல்லன். தேய்ந்த உறுப்புக்களை முன்போல் ஆக்கினான். தடாகத்தில் மூழ்குவித்துத் திருவையாற்றில் எழச் செய்து, ஆண்டே கயிலைக் காட்சி காட்டினான். அடியவர் பற்றின்மையால் உடம்பைத் துறந்தார். ஆண்டவன் கருணையால் அதனைத் திருத்திக் கொடுத்தான். இவ்விரண்டும் முரணாமல் ஓரிடத்தே நிற்றலே நம் நெறியின் அழகு. பற்றின்மை நம்பால் இருத்தல் வேண்டும். திருத்தம் வந்தவழி அதனை மறாது ஏற்றலும் வேண்டும். அடையாற்றுக்குத் தெற்கே திருவான்மியூரில் இறைவனுக்கு மருந்தீசன் என்னும் பெயர் வழங்குவதும், அகத்தியர்க்கு மருந்துகளின் இயல்பை ஆண்டு அவன் உணர்த்தினான் எனத் தலபுராணம் கூறுவதும் மறக்கற்பாலன அல்ல.

இத்துணையும் கூறியது, முழந்தாள் நொந்தார் அனைவரும் அறுவைக்கு விரைக என்பதற்கன்று. மறுதலையிலும் மயக்கம் உண்டு. எக்சுரேப் படத்தில் தேய்வு கண்ட அளவிலே அறுத்துக்கொள்ள விழைவார் உளர். படம் நடப்பதில்லை, ஆளே நடக்கின்றான். படத்திற் பெருந்தேய்வு காட்டியும் நோவின்றி நடப்பார் பலர். உடலெடையில் ஒரு கிலோ குறைப்பின், ஒவ்வோரடியிலும் முழந்தாள் தாங்கும் பாரம் நான்கு கிலோ அளவு குறையும் என 2005இல் ஓர் ஆராய்ச்சி கண்டது. தொடைத்தசையை வலியுறுத்தும் பயிற்சி எளியது, செலவற்றது. இவற்றைச் சில திங்களேனும் செம்மையாகச் செய்து பாராமல் கத்தியை நாடுதல், தாகம் எடுத்தபின் அருகிருந்த குடத்தை நோக்காது கிணறு தோண்டப் புகுதலை ஒக்கும். நீரிழிவு அடங்காதார், பல்லிலோ தோலிலோ சீழ் உடையார், நெஞ்சு நோயுடையார் முதலில் அவற்றைத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். பொருத்திய மூட்டிற் சீழ் பிடித்தல் நூற்றில் ஓரிருவர்க்கே நேர்வதாயினும், நேர்ந்தார்க்கு அது பெருந்துன்பமாம். அறுவை தகாது என மருத்துவர் விலக்கிய உடம்பினர்க்கோ வாயிலார் நெறி முழுப்புகலாகும். அவர் பெறுவது குறைபட்ட வழிபாடு அன்று. முயன்று இயலாமை கண்டபின் அகத்தே எடுக்கும் கோயில் உண்மையாகவே கோயில்தான்.

இனி, நடையா இருக்கையா என்னும் வினாவுக்கு வருவாம். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நாற்பாதங்களுள் முழந்தாள் பெரிதும் தொண்டாற்றுவது சரியையில். திருவலகிடுதலும், பூக்கொய்தலும், வலம்வருதலும், அடியாரை எதிர்கொண்டு ஓடுதலும் தாளின் வினைகள். கிரியைக்கும் யோகத்துக்கும் தாள் வேண்டுவது இருக்கை அளவிலே. இருக்கையின் இலக்கணம் அசையாமையும் இடரின்மையுமாம். மடங்கிய தாள் அதற்கு வழக்கமான வாயில், அதுவே இலக்கணமன்று. உயர்ந்த பலகைமேல் அசையாது அமர்ந்தார்க்கும் அவ்விலக்கணம் வாய்க்கும்; நிலத்தமர்ந்து நோவால் இமைப்பொழுதுக்கு ஒருமுறை தாளை மாற்றுவார்க்கு அது வாயாது. வணக்கத்திலும் அட்டாங்கம், பஞ்சாங்கம் என்பனவே அன்றி, தலையும் இருகையும் கொண்டு வணங்கும் திரயாங்கமும், தலை மட்டும் தாழ்த்தும் ஏகாங்கமும் விதித்திருத்தல், உறுப்பு வலியின் வேறுபாட்டை நூலோர் முன்னமே கருதினர் என்பதைக் காட்டும். ஆகவே இருக்கைக்கும் வணக்கத்துக்கும் மாற்று உண்டு. திருவீதியில் நடந்து சென்று தொழுதற்குப் பிறர் கால் மாற்றாகாது. இவ்வளவாற் பார்ப்பின், நடையின் பொருட்டு மண்டியிடுதலை விடுதல் தகும். ஆனால், நிலத்தில் நன்கு அமரவும் வீட்டளவில் நடக்கவும் வல்ல ஒருவர், நெடுவழி நடைக்கு ஆசைப்பட்டு அமரும் வன்மையை இழத்தல் தகாது. ஏற்கனவே மடங்காத தாளினர்க்கோ இழப்பென ஒன்றில்லை.

பொருள் பற்றியும் ஒருசொல். 2017 ஆகஸ்டில் நடுவணரசு செயற்கை முழந்தாளுக்கு விலைவரம்பு விதித்தது. அதற்கு முன்னர் ஒன்றரை இலக்கம் உரூபாவுக்கு மேற்பட்ட சராசரி விலையிருந்த கோபால்ட்டு குரோமிய மூட்டு, அவ்வாணையால் 54,720 உரூபாவாயிற்று. தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கிய அரசு காப்பீட்டுத் திட்டமும், 2012 முதல் அதன் வழிவந்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் வருவாய் குன்றியோர்க்கு இச்சிகிச்சையை எட்டச் செய்துள்ளன. சென்னை அரசு பொது மருத்துவமனையில் எளியோர் பலர் இதனைப் பெற்று நடக்கின்றனர். இஃதறியாது, 'இது செல்வர்க்கே உரியது' எனத் தேய்ந்த தாளோடு திருக்கோயில்களில் நாளெல்லாம் நின்று பணிபுரியும் ஓதுவார், பூத்தொடுப்பார், மடைப்பள்ளிப் பணியாளர் பலர் உளர். அவர்கட்கு வழிகாட்டுதல் திருமடங்கட்கும் செல்வர்கட்கும் அடியார் தொண்டாம். தம்பொருட்டு மக்களைக் கடனில் ஆழ்த்துதல் தந்தையர்க்கு அழகன்று. மக்கள் மகிழ்ந்து தரவல்லதை வீம்பினால் மறுத்து, அவர் மனத்தை வருத்துதலும் அழகன்று.

மேற்கூறியவற்றை என்பால் வைத்துப் பார்த்தேன். ஏழு திங்கள் பயிற்சி செய்தும், எடை குறைத்தும், வலத்தாள் நிமிர்ந்திலது. நிலத்தமர்தல் ஈராண்டின் முன்னரே ஒழிந்தது. இரவில் நான் எழுந்தால் என் இல்லாளும் எழ நேர்கின்றது. ஆதலின், பங்குனிப் பெருவிழா முடிந்தபின் அறுவைக்கு உடன்படத் துணிந்தேன். விளைவு நன்றாயின் அவன் அருள். அன்றாயின் அப்பொழுது பொறுத்தற்கு ஊழ் என்னும் துணை உளது. ஒன்றுமட்டும் பெரியோர்பால் விண்ணப்பித்துக்கொள்கின்றேன். தீக்கை பெற்று ஆன்மார்த்த பூசை புரியும் முதியோர் இச்சிகிச்சைக்குப்பின் உயரிருக்கையில் அமர்ந்து பூசிக்கலாமோ, அதற்குரிய இருக்கையின் அளவும் வகையும் யாவை என்பதனை ஆதீனக் குருமூர்த்திகள் ஆராய்ந்து தெளிவாக அறிவித்தருளுவராயின், ஐயத்தினால் பூசையை விட்டோரும், பூசைக்கஞ்சிச் சிகிச்சையை விட்டோருமாகிய பலர் உய்வர்.

திருஞானசம்பந்தப் பிள்ளையார் இம்மயிலையிலே குடத்திருந்த என்பையும் சாம்பரையும் நோக்கிப் பாடியபொழுது, வீடுபேற்றின் உயர்வையோ யாக்கையின் இழிவையோ எடுத்துரைத்தாரல்லர். இவ்வூர்த் திருவிழாக்களை ஒவ்வொன்றாகக் கூறி, இவற்றைக் காணாது செல்வதோ என்று அப்பெண்ணை வினவினார். யாக்கை எதற்கு என்னும் வினாவுக்கு அப்பதிகமே விடையாக நிற்கின்றது. எலும்பு ஒருநாள் நீறாகும்; எரியில் வேகாத உலோகம் அந்நீற்றினிடையே தனித்துக் கிடக்கும்; எலும்பும் தான் அன்று, உலோகமும் தான் அன்று என்பதை உயிர் அந்நாளுக்கு முன்னரே உணர்தல் வேண்டும். அவ்வுணர்வு வருமளவும், இரவலாக வந்த தாள் இறைவன் வீதியில் நடப்பதாகுக.

திருச்சிற்றம்பலம்.